ஒரு கால பூஜை நின்றுவிடக் கூடாது

சுவாமிமலைக்குச் சென்று வந்த அன்பர்கள் அறிவார்கள். அது இயற்கையாக எழுந்த குன்று அன்று, கட்டுமலை. தந்தைக்கே பிரணவப் பொருளை உபதேசித்த குருநாதனாக முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் அத்திருத்தலத்தில், சந்நிதியை அடைய 60 படிகள் ஏற வேண்டும். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர்களை அப்படிகள் தாங்கி நிற்கின்றன. அடியேன் பிறந்தது ஜய ஆண்டில். எனவே இருபத்தெட்டாவது படியில் ஒரு கணம் நின்று, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே செல்வது இளமை முதல் என் வழக்கம்.

2015-ஆம் ஆண்டு தை மாதத்தில் எனக்கு அறுபது நிறைவுற்றது. வீட்டளவில் சாந்தியை முடித்துக்கொண்டு, கும்பகோணத்திலிருந்து குடும்பத்துடன் சுவாமிமலைக்குச் சென்றோம். பேரனை இடுப்பில் சுமந்தபடி அறுபது படிகளையும் ஏறியது நன்றாக நினைவிருக்கிறது. மூச்சு வாங்கியதாக நினைவில்லை.

ஏழு ஆண்டுகள் சென்றன. 2022-ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று அதே படிகளில், என் பிறந்த ஆண்டின் படியைத் தாண்டி இரண்டு படிகள்தாம் ஏறியிருப்பேன். தொடைகள் நடுங்கின. முழங்கால் மடங்கிவிடுமோ என்ற அச்சத்தில் பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டு அப்படியே அமர்ந்துவிட்டேன். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். என் மனைவி சற்று நேரம் உடனிருந்துவிட்டு, "நீங்க இங்கேயே இருங்க. நான் போய்ச் சேவிச்சுட்டு வந்துடறேன்" என்று தனியாகவே மேலே சென்றாள். திரும்பி வந்து என் நெற்றியில் அவள் திருநீறு இட்டபோது என் கண்கள் கலங்கின. சந்நிதியில் பெற வேண்டிய பிரசாதத்தைப் பாதி வழியில் உட்கார்ந்து பெற்றுக்கொண்டேன்.

அதன்பின் நான்கு மாதக் கிருத்திகைகளுக்கு நான் சுவாமிமலைக்குச் செல்லவில்லை. கூட்டம், வெயில், மழை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

மூன்று தொடக்கங்கள், மூன்று முடிவுகள்

முழங்காலைச் சோதித்த மருத்துவர், வயதுக்குரிய தேய்மானம் இருப்பதாகச் சொன்னார். "ஆனால் ஐயா, மூட்டைவிட உங்கள் தொடைத் தசைகள்தாம் அதிகமாக இளைத்திருக்கின்றன. வலிக்கு மாத்திரை தருகிறேன். தசையை மாத்திரை வளர்க்காது. அதை நீங்கள்தாம் வளர்க்க வேண்டும்" என்றார்.

பணி ஓய்வுக்குப் பிறகு நாற்காலியிலேயே கழிந்த நாள்கள் என் கண்முன் வந்தன. செய்தித்தாள், தொலைக்காட்சி, மதிய உறக்கம், மாலையில் மீண்டும் நாற்காலி. பயன்படுத்தாத தசை முதுமையில் வெகு விரைவாக இளைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆர்வத்திற்குக் குறைவில்லை. மகன் புதிய காலணி வாங்கித் தந்தான். முதல் நாளே மகாமகக் குளத்தை ஐந்து சுற்றுச் சுற்றினேன். மறுநாள் கால் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். ஒன்பதாம் நாள் மழை பெய்தது. மழை விட்டது, நானும் விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் மீண்டும் தொடங்கினேன். நவராத்திரி வந்தது. வீடு நிறைய விருந்தினர், இரவு வெகு நேரம் கண்விழிப்பு. பத்து நாள் தவறியதும், "இனி தைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மனம் சமாதானம் சொல்லிற்று. கார்த்திகையில் மூன்றாம் முறை. சளியும் காய்ச்சலும் நான்கு நாள் படுக்க வைத்தன. எழுந்த பிறகு குளக்கரைப் பக்கம் போகவே வெட்கமாயிருந்தது. காலணி மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

இவ்வாறு விட்டவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதால்தான் இதனை எழுதுகிறேன். தொடங்குவது எவருக்கும் எளிது. தவறிய பிறகு மீண்டும் தொடங்குவதுதான் கடினம்.

குருக்கள் சொன்ன விடை

மார்கழி பிறந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறிய பிள்ளையார் கோயில் உண்டு. பெருங்கோயில்களில் உஷத்காலம் தொடங்கி அர்த்தஜாமம் வரை ஆறு கால பூஜை நடைபெறும். எங்கள் பிள்ளையாருக்கு அத்தகைய வசதி இல்லை. ஒரு கால பூஜைதான். மார்கழியில் மட்டும் அது விடியற்காலையில் நடக்கும். அங்கே பூஜை செய்யும் குருக்கள் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பொங்கல் நைவேத்தியம் முடிந்து அவர் திண்ணையில் அமர்ந்திருந்தபோது கேட்டேன்.

"சாமி, இத்தனை வருஷமா ஒரு நாள்கூட விடாம எப்படிச் செய்யறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "ஒரு நாள்கூட விடாமலா? யார் சொன்னா சார்? காய்ச்சல் வந்திருக்கு, வீட்டுல தீட்டு வந்திருக்கு, ஊருக்குப் போன இடத்துல பஸ் கிடைக்காம நின்னிருக்கேன். மாத்தாள் கிடைச்சா அவர் செய்வார். கிடைக்காம விட்டுப்போன நாளும் உண்டு. விட்டுப்போனா மறுநாள் கதவைத் திறந்து, அதுக்கு உண்டான பிராயச்சித்தத்தைப் பண்ணிட்டு, எப்பவும்போல விளக்கை ஏத்துவேன். ஒரு நாள் விட்டுப்போச்சேன்னு கோயிலையே பூட்டிட முடியுமா?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு கேள்வியே என்னுடன் நடந்து வந்தது. நான் மூன்று முறையும் செய்தது அதுதானே? ஒரு நாள் பூஜை தவறியதற்காகக் கோயிலையே பூட்டினேன்.

நம் ஆகமங்கள் மனித இயல்பை நன்கு அறிந்தவை. நித்திய பூஜையில் குறை நேரவே நேராது என்று அவை எதிர்பார்க்கவில்லை. குறை நேரும் என்று கொண்டு, அதற்குரிய பிராயச்சித்தத்தையும் சேர்த்தே விதித்திருக்கின்றன. ஆண்டு முழுவதும் பூஜைகளில் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த குறைகள் நீங்கவே ஆலயங்களில் பவித்ரோத்ஸவம் நடத்துகிறோம். குறையை ஒப்புக்கொண்டு, நீக்கிக்கொண்டு, தொடர்வதே நம் மரபு.

உடம்பை இழிவென்று எண்ணியிருந்து, அதனுள் இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்தபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் அருளியிருக்கிறார். உடம்பு கோயில் என்றால், அதற்கும் நித்திய பூஜை வேண்டும் அல்லவா?

ஒரு மண்டலம்

கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பெருவிழா. ஆயினும் கலசத்தில் நீர் வார்த்தவுடன் யாரும் கதவைச் சாத்திவிட்டுப் போவதில்லை. அடுத்து 48 நாள் மண்டலாபிஷேகம் நடைபெறுகிறது. அதன்பின் அன்றாட பூஜை என்றென்றும் தொடர்கிறது.

நானும் ஒரு மண்டலம் என்று வைத்துக்கொண்டேன். இம்முறை ஐந்து சுற்று, ஆறு சுற்று என்ற பேச்சே இல்லை. காலையில் சுவாமி விளக்கை ஏற்றியவுடன், கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது என்று முடிவு செய்தேன். முதல் நாள் கையை ஊன்றாமல் நான்கு முறைகூட எழ முடியவில்லை. ஊன்றியே எழுந்தேன். அடுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று, 'சரவணபவ' என்னும் ஆறெழுத்தை ஆறு முறை சொல்வேன். பிறகு மறுகால். அது முடிந்ததும் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு, மகாமகக் குளத்தை ஒரே ஒரு சுற்று. மெதுவாக நடந்தால் பத்து நிமிடம். அவ்வளவே.

இதில் நான் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. புதிய பழக்கம் தனியே நிற்காது. முன்பே வேரூன்றிய பழக்கம் ஒன்றன்மீது படர விட்டால் நிற்கும். விளக்கேற்றுவது ஐம்பது ஆண்டுப் பழக்கம். அதை நான் மறப்பதில்லை. ஆகவே அதைத் தொடர்ந்து வந்த பயிற்சியையும் மறக்கவில்லை. 'நேரம் கிடைக்கும்போது செய்வேன்' என்றிருந்த காலத்தில் நேரம் கிடைத்ததே இல்லை.

இரண்டாவது, ஒரு கால பூஜை. ஆறு கால பூஜைக்கு வசதியில்லாத ஆலயத்தில் ஒரு காலமேனும் விளக்கெரிய வேண்டும் என்பதே நம் பெரியோர் கவலை. அதுபோல் மழை நாளில், விருந்தினர் வந்த நாளில், மனம் சோர்ந்த நாளில் நடையை விட்டேன். நாற்காலிப் பயிற்சியை மட்டும் விடவில்லை. மூன்று நிமிடம்தான். ஆனால் அன்றைய விளக்கு எரிந்துவிட்டது.

நாள்காட்டியில் செய்த நாளுக்கு ஒரு சிறு கோடு போட்டு வந்தேன். மண்டலம் முடிந்த தை மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 43 கோடுகள் இருந்தன. ஐந்து நாள் தவறியிருந்தது. அவற்றுள் இரண்டு நாள் உடல்நலக் குறைவு. மூன்று நாள் வெறும் சோம்பல், மறைப்பதற்கில்லை. ஆனால் எந்தத் தவறலும் இரண்டு நாளைத் தாண்டவில்லை. மறுநாள் கதவைத் திறந்துவிட்டேன்.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு, ஒரு புதிய பழக்கம் இயல்பாகப் படிய எத்தனை நாள் ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். சராசரியாக 66 நாள் என்று கண்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்கும் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க கெடுதல் நேரவில்லை. குருக்கள் திண்ணையில் அமர்ந்து சொன்னதும் இதுதானே!

'இந்த வயதில் தசை வளருமா?' என்ற ஐயமும் வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 உடையவர்களுக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய கால் வலிமை வியக்கத்தக்க அளவில் கூடியது. தொண்ணூறில் இயலுமெனில் எழுபதில் ஏன் இயலாது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கும், மூன்று நாளேனும் தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும். தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டும் எழுந்து ஆலயம் செல்வது பலருக்குக் கனவாகிவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் அந்த அரை நிமிடம், அவ்விபத்திலிருந்து நம்மைக் காக்கும் கவசங்களில் ஒன்று. 150 நிமிடம் இயலாதவர்கள் இயன்ற அளவில் தொடங்கலாம். சிறிதும் செய்யாதிருப்பதைவிடச் சிறிது செய்வது மேல் என்பதையும் அந்நிறுவனமே வலியுறுத்துகிறது.

ஆலயம் செல்வோர் கவனத்திற்கு

நம் வயதினர் சில செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். நண்பகல் வெயிலில் காய்ந்த பிராகாரக் கல்லில் வெறுங்காலுடன் வலம் வந்தால், கொப்புளம் எழுவதுகூடத் தெரியாது. காலை வேளையிலோ வெயில் தாழ்ந்த பின்போ செல்லுங்கள். ஆலய வாயில் வரை காலணி இருக்கட்டும். வீடு திரும்பியதும் இரண்டு உள்ளங்கால்களையும் நன்றாகப் பாருங்கள். கண் தெரியவில்லையெனில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போர், விழுந்து வணங்கியபின் சட்டென்று எழ வேண்டாம். சற்று அமர்ந்து, தூணைப் பிடித்து எழுவது நலம். ஆத்மப் பிரதட்சிணமாகத் தம்மைத் தாமே சுற்றும்போது தலை சுற்றும் இயல்புடையவர்கள், கைகூப்பி நின்றாலே போதும். பகவான் கணக்குப் பார்ப்பதில்லை.

சஷ்டி, ஏகாதசி உபவாசம் இருப்போர், நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவரானால், மருத்துவரிடம் கேட்காமல் பட்டினி இருக்கலாகாது. வெறும் வயிற்றில் மருந்தும் நடையும் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. உள்ளங்கையளவு பெற்றுக் கண்ணில் ஒற்றி உண்பது பிரசாதம். தொன்னை தொன்னையாகச் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் உண்பது சாப்பாடு. உப்பு, நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ, மயக்கமோ தோன்றினால் உடனே நின்று மருத்துவரை நாட வேண்டும். இதய நோயோ அண்மையில் அறுவை சிகிச்சையோ உள்ளவர்கள், எப்பயிற்சியையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நடக்கவே இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே ஒவ்வொரு காலாக நீட்டி மடக்கலாம். அதுவும் ஒரு கால பூஜையே.

ஒரு சாதாரண நாள்

மண்டலம் முடிந்ததும் அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. கையை ஊன்றாமல் பத்து முறை எழ முடிந்தது. குளத்தை இரண்டு சுற்றுச் சுற்ற முடிந்தது. முழங்கால் வலி குறைந்திருந்ததே தவிர மறையவில்லை. ஆனால் விளக்கேற்றியதும் கை தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டது. அதையே பெரிய அருளாகக் கருதினேன்.

என் மனைவியை அப்போதுதான் கூர்ந்து கவனித்தேன். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். திருமணமான நாள் முதல் விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்து, குனிந்து நிமிர்ந்து கோலமிட்டு வந்தவள். ஊருக்குச் சென்ற நாளில் தவறும். திரும்பிய மறுநாள் வாசலில் கோலம் இருக்கும். காலணி வாங்கவில்லை, யாரிடமும் அறிவிக்கவும் இல்லை. அன்று சுவாமிமலையில் அவள் மட்டும் எப்படி மேலே ஏறினாள் என்பது அப்போது விளங்கிற்று.

2023-ஆம் ஆண்டு பங்குனி உத்திரக் கூட்டம் அடங்கிய பின், ஒரு சாதாரண நாளில், இருவரும் சுவாமிமலைக்குச் சென்றோம். அவசரப்படவில்லை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். ஜய ஆண்டின் படியைத் தொட்டு வணங்கினேன். முன்பு அமர்ந்த இடம் வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசாமல் அடுத்த படியில் காலை வைத்தேன்.

அட்சயப் படியைக் கடந்து சந்நிதிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. 2015-இல் வாங்காத மூச்சு! ஆனால் சுவாமிநாதனை நேரில் கண்டேன். என் கையை நீட்டித் திருநீற்றைப் பெற்றுக்கொண்டேன்.

இன்றும் நாள்காட்டியில் கோடு போட்டு வருகிறேன். சென்ற மாதம் நான்கு நாள் தவறியது. வருத்தமில்லை, ஐந்தாம் நாள் கதவைத் திறந்தேன். எங்கள் ஊரில் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 2016-இல் வந்தது; அடுத்தது 2028-இல் வர இருக்கிறது. அன்று யாருடைய தோளையும் பற்றாமல், சொந்தக் காலில் நடந்து குளக்கரையை அடைய வேண்டும் என்பதே சுவாமிநாதனிடம் என் பிரார்த்தனை. அந்தப் பெருநாளுக்கான தயாரிப்பு, நாளைக் காலை நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவதில்தான் இருக்கிறது.

அன்பர்களே, தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். விட்ட நாள்களை எண்ண வேண்டாம். நாளைக் காலை விளக்கேற்றியதும், இயன்ற அளவு, ஒரு கால பூஜையாகத் தொடங்குங்கள். நம்முள் உறையும் இறைவன் அதனை உவந்து ஏற்றுக்கொண்டு, தன் சந்நிதிக்கு நம்மை நம் காலாலேயே வரவழைப்பான்.